பிறந்த குட்டி எழாமல் கிடக்கிறதா? வெள்ளாட்டுக் குட்டிக்கு அறிகுறி பார்த்துச் செய்யும் வழிமுறை

குட்டி சோர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை முதலில் பாலைத்தான் தேடும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒரு விரலைக் குட்டியின் வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? விரலைச் சப்புகிறதா, சும்மா கிடக்கிறதா? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவாகும்.

உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டை ஒட்டி எங்கள் பட்டி இருக்கிறது. தாயாடுகள் பன்னிரண்டு. அப்பத்தா காலத்தில் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. "வாய்க்குள்ள வெரல விட்டுப் பாரு ஆத்தா, அதுவே சொல்லும்" என்பார். இப்போது என்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது, ஆனாலும் விரல்தான் முதலில் போகிறது.

ஆடு சினைப்பட்டு ஏறக்குறைய 150 நாளில் ஈனும். 140 நாள் ஆனதுமே ஒரு டப்பாவில் இவற்றைப் போட்டு வைத்துவிடுங்கள்: நன்றாகக் காய்ந்த பழைய பருத்தித் துணிகள், டிஞ்சர் அயோடின், புது பிளேடு, கொதிக்க வைத்து எடுத்த நூல், தெர்மாமீட்டர், ரப்பர் காம்பு போட்ட பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. நடுராத்திரியில் குட்டி விழும்போது எந்த மெடிக்கல் கடையும் திறந்திருக்காது. கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

குட்டி விழுந்துவிட்டது, மூச்சு இல்லை

முகத்தில் சவ்வு மூடியிருந்தால் உடனே கிழித்து எடுங்கள். வாய்க்குள்ளும் மூக்கிலும் இருக்கும் கோழையைத் துணி சுற்றிய விரலால் வழித்துவிடுங்கள். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தலை கீழே இருக்கும்படி சில நொடி தூக்கினால் மிச்சம் உள்ள நீர் வடியும். சிலர் வேகமாகச் சுழற்றுவார்கள். ஈரக் கால் கையிலிருந்து வழுக்கிச் சுவரில் மோதிவிடும், அது வேண்டாம்.

அப்புறம் கீழே படுக்க வைத்து, காய்ந்த துணியால் விலாவை அழுத்தித் தேயுங்கள். வைக்கோல் தும்பு ஒன்றை மூக்குத் துவாரத்தில் மெதுவாக நுழைத்துக் கிளறினால் பெரும்பாலும் ஒரு தும்மல் வரும், தும்மலோடு மூச்சும் வரும். மூச்சு வந்ததும் குட்டியைத் தாயின் வாய்க்கு நேராக வைத்துவிட்டு நீங்கள் விலகிவிட வேண்டும். தாய் நக்குவதில் குட்டியும் உலரும், இது என் குட்டி என்ற வாடையும் தாய்க்குப் பதியும். இந்த நேரத்தில் குட்டியை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை தூக்கிக் கொஞ்சினால், பின்னால் தாய் சேர்க்காமல் போவதற்கு அதுவே காரணமாகலாம்.

தொப்புள்கொடி தானாக அறுந்துவிடும். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரு சின்ன மூடியில் டிஞ்சர் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் முங்கும்படி வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. சாணி, சாம்பல், மண் எதையும் அங்கே வைக்காதீர்கள். இசிவு நோய்க் (டெட்டனஸ்) கிருமி இருக்கும் இடமே மண்ணும் சாணமும்தான்.

வாய் சில்லென்று இருக்கிறது, விரலைச் சப்பவில்லை

நான் பார்த்தவரை குட்டிகள் அதிகம் சாவது இதில்தான். நோயே இருக்காது. பிறந்த முதல் நாளில், ஈரத்தோடு காற்றில் கிடந்து, வயிற்றில் பாலும் இல்லாமல் போய்விடுகின்றன. மதுரைக்காரர்களுக்கு வெயில்தான் பழக்கம், இங்கே என்ன குளிர் என்று தோன்றும். மார்கழி விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு கிலோ எடையுள்ள ஈரக் குட்டிக்கு அது கடுங்குளிர். ஐப்பசி மழையில் தரை நனைந்து காற்றும் அடித்தால் அதுவும் அப்படித்தான்.

தெர்மாமீட்டர் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் குட்டிக்குச் சரியான சூடு. 99-க்கும் 102-க்கும் நடுவில் இருந்தால் துடைத்து உலர்த்தி, சூடு கொடுத்து, விரலைச் சப்பத் தொடங்கியதும் சீம்பால் கொடுக்கலாம். 99-க்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூட வாயில் ஊற்றக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மார்கழியில் இரட்டைக் குட்டியில் இரண்டாவது விறைத்துக் கிடந்தது. பாவம், பசி என்று நினைத்து, பாலாடையில் சீம்பாலைப் பீய்ச்சி வாயில் விட்டேன். விழுங்க முடியாத குட்டிக்குப் பால் நுரையீரலுக்குப் போய்விடும். உள்ளே போனதும்கூட, உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் அசையாததால் செரிக்காமல் அப்படியே கிடக்கும். அந்தக் குட்டி என் மடியிலேயே இறந்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டியில் வரிசை மாறவே மாறாது. முதலில் சூடு, அடுத்து பால், மருந்து என்று ஒன்று தேவைப்பட்டால் அது கடைசியில்.

சூடு கொடுக்கும் முறை எளிதுதான். உடம்பை முடிக்கால் வரை காயத் துடையுங்கள். பழைய தண்ணீர் பாட்டில்களில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் குட்டியின் இரண்டு பக்கமும் வைத்துப் போர்த்துங்கள். தலை வெளியே இருக்கட்டும். அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். குண்டு பல்பு கட்டுவதானால் வைக்கோலுக்குத் தள்ளி, தாயாடு இழுத்துவிடாத உயரத்தில் இரும்புக் கம்பியில் கட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்துவது ஆபத்து: ஒரு பக்கம் தோல் வெந்தாலும் மறுபக்கம் சில்லென்றே இருக்கும்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு, அதற்குக் குட்டியின் வயது முக்கியம். பிறக்கும்போது உடம்பில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அதை எரித்துத்தான் முதல் சில மணி நேரம் அது சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் சூடு கொடுத்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும். அதற்கு மேலாகி, பாலும் குடிக்காமல், சூடும் 99-க்குக் கீழே போய், தலை தொங்கிவிட்டால் ரத்தத்தில் சர்க்கரையே இருக்காது. அந்த நிலையில் வெறும் சூடு மட்டும் கொடுத்தால் வலிப்பு வந்து செத்துவிடலாம். கால்நடை மருத்துவர் வயிற்றில் குளுக்கோஸ் ஊசி போட்டு, அப்புறம் சூடு கொடுப்பார். உடனே கூப்பிடுங்கள். அவர் வரும்வரை குளுக்கோஸ் கரைத்த தண்ணீரில் விரலை நனைத்து ஈறில் தடவிக்கொண்டிருக்கலாம். ஊற்றாதீர்கள்.

வாய் சூடாக இருக்கிறது, ஆனால் பால் குடிக்கவில்லை

முதலில் தாயின் காம்பைப் பாருங்கள். காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். இரண்டு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைக் கீழே கறந்து விட்டால் அடைப்பு போய்விடும். இதைச் செய்யாமல், குட்டிக்குச் சப்பத் தெரியவில்லை என்று கவலைப்படுபவர்கள் நிறையப் பேர். தலையீத்து ஆடு என்றால் மடி சின்னதாக, மயிருக்குள் ஒளிந்திருக்கும். பல ஈத்துப் பார்த்த ஆட்டுக்குக் காம்பு தடித்துத் தரையைத் தொடும், குட்டியோ மேலே மேலே தேடும். இரண்டுக்கும் நீங்கள்தான் காம்பை வாயில் வைக்க வேண்டும்.

குட்டியின் வாய் ஓரத்தைத் திறந்து, காம்பில் ஒரு பீச்சு வாயில் அடித்துவிட்டு, இன்னொரு கையால் வால் அடியைச் சொறிந்து கொடுங்கள். தாய் நக்குகிற இடம் அது. அங்கே தொட்டால் பெரும்பாலான குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு சப்ப ஆரம்பிக்கும்.

சீம்பாலில் தாமதம் கூடாது. வெள்ளாட்டில் தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாக மட்டுமே போகும். அதை அப்படியே ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும் வழி குட்டியின் குடலில் ஒரு நாளுக்குத்தான் திறந்திருக்கும். அதிலும் முதல் ஆறு மணி நேரம்தான் பலன் அதிகம். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் மணி நேரத்திலோ இரண்டாவது மணி நேரத்திலோ 100 மில்லி, முதல் நாளுக்குள் மொத்தம் 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் இன்னும் சில வீடுகளில் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். குட்டி சப்பினால்தான் கருப்பை சுருங்கிக் கொடியும் சீக்கிரம் விழும். கொடியைக் கையால் இழுக்கவும் கூடாது.

தாயிடம் பால் இல்லையென்றால் அதே வாரத்தில் ஈன்ற இன்னொரு ஆட்டின் சீம்பால் நல்லது. கிடைக்காவிட்டால் மாட்டுச் சீம்பாலும் உதவும். நிறையக் கறக்கும் ஆடு ஈனும்போது 100 மில்லி எடுத்து ஃப்ரிட்ஜின் உறையும் பெட்டியில் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் கவலையில்லை. உருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி உருக்குங்கள். அடுப்பில் காய்ச்சினால் சீம்பால் திரிந்து, அதில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியும் போய்விடும்.

தாய் முட்டித் தள்ளுகிறது

கோபப்பட்டு ஆட்டை அடிப்பதற்கு முன் மடியைத் தொட்டுப் பாருங்கள். மடி கல்லாக, சூடாக இருந்து, கறந்தால் திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் அது மடிநோய். குட்டி வாய் வைக்கும்போது அதற்கு உயிர் போகும் வலி. மருத்துவரைக் கூப்பிடுங்கள், அந்த ஆடு குணமாகும்வரை குட்டிக்குப் பால் வேறு இடத்திலிருந்து வரட்டும்.

மடியில் குறை இல்லையென்றால் பெரும்பாலும் தலையீத்து ஆடாக இருக்கும். அதற்கு என்ன நடந்தது என்றே புரியாது. அல்லது இரட்டையில் ஒன்றை மட்டும் நக்கிவிட்டு மற்றதை அந்நியமாக நினைக்கும். பனிக்குட நீரோ கொடியின் ஈரமோ இருந்தால் அதைத் தள்ளப்பட்ட குட்டியின் முதுகிலும் வால் பக்கத்திலும் தடவுங்கள். அது காய்ந்துவிட்டிருந்தால் தாயின் பாலையே தடவலாம். எங்கள் வீட்டில் மேலே கொஞ்சம் உப்புத்தூளோ தவிடோ தூவுவோம். ஆடு உப்புக்கு ஆசைப்பட்டு நக்கும், நக்க நக்க வாடை பழகும்.

அதோடு தாயைச் சின்ன இடத்தில் குறுங்கயிற்றில் கட்டி, முன்னால் அகத்தி ஒரு கொத்தைத் தொங்கவிட்டு, ஒரு பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்டவிடுங்கள். நாளைக்கு ஐந்து தடவை. மற்ற நேரத்தில் குட்டியைப் பஞ்சாரத்தில் (பெரிய கூடையில்) கவிழ்த்து, தாயின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகிற மாதிரி பக்கத்திலேயே வையுங்கள். மூன்று நாலு நாளில் பெரும்பாலான ஆடுகள் ஏற்றுக்கொள்ளும். குட்டி ஊட்டும்போது தாய் தலையைத் திருப்பி அதன் வாலை மோந்து பார்த்து, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டதும் கயிற்றை அவிழ்த்துவிடலாம்.

ஒரு வாரம் பார்த்தும் சேர்க்கவில்லையென்றால் பாட்டில்தான். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, உடம்புச் சூட்டில், தண்ணீர் சேர்க்காமல் கொடுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 300 மில்லி வரை, நாலைந்து தடவையாகப் பிரித்து. எடை ஏற ஏற அளவையும் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் வயிறு முட்டக் கொடுத்தால் உப்பசமும் கழிச்சலும் வரும்.

ஓயாமல் கத்துகிறது, வயிறு ஒட்டியிருக்கிறது

வயிறு நிறைந்த குட்டி தூங்கும், எழுந்ததும் முதுகை வில்லாக நெளித்துச் சோம்பல் முறிக்கும். நெளிக்காமல் கூனிக்கொண்டு நின்று கத்தினால் பால் போதவில்லை. மூன்று குட்டி போட்ட ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். வலுத்தவை இரண்டும் குடித்துவிட, மூன்றாவது சவலையாகிவிடும். மூன்றையும் மாற்றி மாற்றிப் பாட்டிலில் பழக்குங்கள். தாய்க்கும் கடலைப் பிண்ணாக்கு, தவிடு, நிறையத் தண்ணீர் வேண்டும். வாரம் ஒரு தடவை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறவில்லையென்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு காட்டிவிடும்.

பால் மூக்கில் வருகிறது, குடித்ததும் இருமுகிறது

பாட்டில் குட்டி என்றால் காம்பின் துளை பெரிதாக இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. குட்டி நின்றுகொண்டு, தாய் மடியில் ஊட்டுவது போலக் கழுத்தை லேசாக நீட்டிக் குடிக்கட்டும். மல்லாக்கக் கிடத்தி ஊட்டாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கும் பிறந்ததிலிருந்தே மூக்கில் வருகிறதென்றால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள், பிளவு இருக்கலாம். இருமலோடு காய்ச்சலும் வேக மூச்சும் வந்தால் அது நிமோனியா, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் மலம் வரவில்லை

கைக்குழந்தைக்குச் சொல்வது போலக் காட்டுப்பீ என்போம். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டும். சீம்பால் போனால் ஒரு நாளுக்குள் வந்துவிடும். வராமல் முக்கினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் 10 மில்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாக உள்ளே விடுங்கள். அப்புறம் மஞ்சளாகப் பசை போல வரும். அது வாலடியில் காய்ந்து ஆசனவாயையே மூடிவிடும், வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுங்கள்.

கழிகிறது

மஞ்சள் பசையும் கழிச்சலும் ஒன்றல்ல. தண்ணீராக, வெள்ளையாகவோ பச்சையாகவோ, நாற்றத்தோடு வந்து பின்னங்கால் நனைந்திருந்தால் அது கழிச்சல். முதல் வாரத்தில் வருவதற்குப் பெரும்பாலும் சீம்பால் குறைவு, அழுக்குத் தரை, கழுவாத பாட்டில் என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை 50 மில்லி, பாலோடு கலக்காமல் தனியாக. பாலை நிறுத்திப் பட்டினி போடாதீர்கள், அளவைக் குறைத்து அடிக்கடி கொடுங்கள். நமக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும், பெரிய ஆட்டுக்குச் சொன்ன நாட்டு மருந்தை இரண்டு கிலோ குட்டிக்கு ஊற்றுவதும் வேண்டாம். கண் குழி விழுந்து, வாய் சில்லிட்டு, சப்பாமல் போனால் உடனே 1962.

மூன்று வாரத்துக்கு மேல் ஆன குட்டி சளியும் ரத்தமுமாகக் கழிந்தால் அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. புழுக்கையைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்து கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். குட்டிகள் படுக்கும் இடத்தைத் தினமும் கூட்டி, சுண்ணாம்பு தூவிக் காயவைத்தால்தான் மற்றக் குட்டிகளுக்குப் பரவாது.

தொப்புள் வீங்கி ஈரமாக இருக்கிறது, அல்லது மூட்டு வீங்கி நொண்டுகிறது

இரண்டும் ஒரே கதைதான். தொப்புள் வழியாகப் போன கிருமி ரத்தத்தில் ஏறி முழங்காலில் தங்கும். மிதித்திருப்பார்கள், சுளுக்கு என்று விட்டுவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். மருத்துவர் சொல்லும் ஊசியைச் சில நாள் தொடர்ந்து போட வேண்டியிருக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது.

முன்கால் மடங்குகிறது

வயிற்றுக்குள் மடங்கியிருந்த கால், குளம்பு உள்பக்கம் திரும்பியபடி வரும். குட்டி சுறுசுறுப்பாகக் குடித்தால் பெரும்பாலும் சில நாளில் நிமிர்ந்துவிடும், தினமும் மெதுவாக நீட்டி நீவிவிடுங்கள். கணுவையே ஊன்றி நடந்து தோல் உரிந்தால் மட்டும் பஞ்சு வைத்து, மூங்கில் சிம்பால் இறுக்காமல் கட்டுங்கள். கட்டைத் தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

உடம்பு விறைக்கிறது, கழுத்து பின்னுக்கு வளைகிறது

வாய் பூட்டிக்கொண்டு, காதும் வாலும் விறைத்து, சத்தம் கேட்டாலே துடித்தால் இசிவு. இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிழைப்பது கடினம். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் டி.டி. எனும் இசிவுத் தடுப்பூசி போட்டால் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கு வரும்.

உதட்டில் பொருக்கு

பொருக்கோடு கொப்புளமும் இருந்தால் அந்தக் குட்டியைப் பிரித்து வையுங்கள். தாயின் காம்பிலும் பாருங்கள், வலியால் பால் கொடுக்காமல் இருக்கும். போரோ கிளிசரின் தடவலாம். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், நம் விரலுக்கும் தொற்றும்.

மண்ணை நக்குகிறது

இரண்டு வாரம் ஆனதும் குட்டி எதையாவது கொறிக்கப் பார்க்கும். சுவரை நக்கி, மண்ணைத் தின்றால் கழிச்சலும் குடற்புழுவும் வரும். குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அகத்தி, வேலிமசால் கொத்தைத் தலைகீழாகக் கட்டிவிடுங்கள், பக்கத்தில் தாது உப்புக் கட்டி ஒன்று தொங்கட்டும். தரையில் போட்ட தழையை மிதித்துச் சாணியாக்கிவிட்டு அப்புறம் அதையே தின்னும். குடற்புழு மருந்து எப்போது, எவ்வளவு என்பதை எடை சொல்லி மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, புதிதாக ஆடு வாங்கியவர்கள் அங்கே போய்க் கேட்பது நல்லது.

ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் செத்துக்கிடக்கிறது

ஒரே பஞ்சாரத்தில் ஆறேழு குட்டியை அடைத்தால் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து அடியில் கிடப்பது மூச்சுமுட்டிப் போகும். அப்படியில்லாமல், நன்றாகக் கொழுத்து, நிறையப் பால் குடித்த குட்டியே திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி நோயாக இருக்கலாம். அதற்கும் தடுப்பூசி உண்டு, சினை ஆட்டுக்கே போட வேண்டும்.

மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் உடனே புதைத்துவிடாமல், உடலைச் சாக்கில் சுற்றி அன்று காலையிலேயே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும், மிச்சக் குட்டிகளைக் காப்பாற்ற வழியும் தெரியும். கிளம்புவதற்கு முன் மற்றக் குட்டிகளை வேறு காய்ந்த இடத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.